மேகத்துக்கு யார் பொறுப்பு?

கே: ஒருவர் தன் வீட்டு மாடியில் தொலைநோக்கி வைத்து வானம் காட்டுகிறார். ஐப்பசியில் நான்கு பேருக்கு ரூ.4,800 முன்பணம் கட்டினோம். அன்று மழை. 'மேகத்துக்கு நான் பொறுப்பா?' என்கிறார். – கும்பகோணம்

ப: மேகத்துக்கு இல்லை, வாங்கிய பணத்துக்குப் பொறுப்பு. ஐப்பசி அடைமழை டெல்டாவில் பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். மழை வந்தால் பணம் திரும்பாது என்று முன்பே சொல்லவில்லையென்றால் விடாதீர்கள். வாட்ஸ்அப் பேச்சையும் பணம் அனுப்பிய ரசீதையும் பத்திரப்படுத்தி, முதலில் எழுத்தில் கேளுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். அதற்கும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுப் போடலாம். இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

கே: இப்படியொரு வீட்டில் பௌர்ணமியன்று பதிவு செய்தேன். பால்வீதி தெரியவே இல்லை. – திருவாரூர்

ப: வீட்டில் காலண்டர் இல்லையா? முழு நிலா வெளிச்சத்தில் பால்வீதி எங்கே தெரியும்?

கே: தெருப் பிள்ளைகளுக்குக் காட்ட '675 மடங்கு' தொலைநோக்கி ரூ.4,000-க்கு வாங்கினேன். சனி வெறும் மங்கல் உருண்டை. – மன்னார்குடி

ப: இது என் பழைய வயிற்றெரிச்சல், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் இதே ரகத்தை வாங்கியவன். அதன் முக்காலியில்தான் இப்போது எங்கள் வீட்டில் ஈரத்துண்டு காய்கிறது. 675 எப்படி வருகிறது தெரியுமா? முன் லென்ஸின் குவியத் தூரம் 900 மி.மீ.யை 4 மி.மீ. ஐபீஸால், அதாவது கண் வைக்கும் லென்ஸால், வகுத்தால் 225. அதன்மேல் மடங்கைப் பெருக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றை, மூன்று மடங்கு ரகத்தில், செருகினால் 675. கணக்கு சரி, காட்சிதான் இல்லை. ஒளியைச் சேர்ப்பது முன் லென்ஸின் அகலம். அதன் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு, அவ்வளவுதான் தாங்கும். உங்களுடைய 60 மி.மீ. என்றால் 120. அதைத் தாண்டினால் பெரிதாவது மங்கல் மட்டுமே. சனியின் வளையத்துக்கு 50 மடங்கே போதும். பெட்டிமேல் மடங்கைப் பெரிதாகப் போட்டு அகலத்தைப் பொடி எழுத்தில் போடுகிறவனை நம்பாதீர்கள்.

பார்லோவைக் கழற்றி எறிந்துவிட்டு 20 மி.மீ. ஐபீஸைப் போடுங்கள். முக்காலியின் நடுவில் ஒரு மணல் பையைத் தொங்கவிட்டால் ஆட்டம் குறையும். வளர்பிறை அஷ்டமி நிலாவைக் காட்டுங்கள். பள்ளங்களின் நிழலைப் பார்த்துப் பிள்ளைகள் கத்துவார்கள்.

கே: ஐபீஸில் திருகும் சூரிய ஃபில்டர் இலவசமாக வந்தது. பகலில் காட்டலாமா? – நாகப்பட்டினம்

ப: சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூட்டில் அது விரிசல் விட்டால் போவது குழந்தையின் கண். குழாயின் முன்வாயை மூடும் சூரிய ஃபில்டர் மட்டுமே ஆகும்.

கே: மாடியில் தள்ளுக்கூரை அறை போட்டு 8 அங்குல டாப்சோனியன் ரகக் கண்ணாடித் தொலைநோக்கி வைத்திருக்கிறேன். ஒரு மாலைக்கு 15 பேரை அழைக்கலாமா? – திருவையாறு

ப: எட்டுப் பேர். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றாலே ஒரு சுற்றுக்கு 24 நிமிடம். பதினைந்து என்றால் கடைசி ஆள் கொசுவைத்தான் பார்ப்பார். மார்கழிப் பனியில் கண்ணாடி நனையும், அதனால் தையில் தொடங்குங்கள். சித்திரையில் பத்து மணிக்கு மேல் தெற்கே ஒமேகா சென்டாரி. டில்லியில் தாழ்வாகத் தவழும் அந்த நட்சத்திரக் கொத்து நமக்கு நன்றாக மேலே ஏறும். இருட்டுக்குக் கண் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும், செல்போன் டார்ச்சை வாசலிலேயே அணைக்கச் சொல்லுங்கள். மேகம் மூடினால் வேறு நாள் அல்லது முழுப் பணம் என்று பதிவின்போதே எழுதிக் கொடுங்கள். கும்பகோணத்துக் கடிதத்தை மேலே படித்தீர்கள் அல்லவா? மாடிப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா?