ஒரே செடானில் பவர், மைலேஜ், அன்றாட வசதி மூன்றும் கிடைக்குமா?

500 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள சொகுசு செடானை வாங்கினால் மைலேஜையும் அன்றாட வசதியையும் மறந்துவிட வேண்டியதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். மறக்க வேண்டியதில்லை. ஆனால் விளம்பரத் தாளில் முதலில் பார்க்க வேண்டியது குதிரைத்திறனை அல்ல, எடையை.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 2 டன் எடையுள்ள செடான் சமதளச் சாலையில் மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் சீராகப் போக எவ்வளவு திறன் வேண்டும்? காற்றுத் தடை, டயரின் உருளல் தடை இரண்டையும் சேர்த்தாலும் 30 குதிரைத்திறனை ஒட்டி முடிந்துவிடும். காற்றைக் கிழிக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியில் ஏறுகிறது. அப்படி ஏறியும், 250 கி.மீ. வேகத்துக்கு ஏறக்குறைய 200 குதிரைத்திறன் போதும். ஜெர்மன் தயாரிப்பாளர்கள் தங்கள் கார்களுக்குப் பெரும்பாலும் கடிவாளம் போடும் வேகமும் அதுதான். மிச்சக் குதிரைகளுக்கு வேலை சில வினாடிகள், தீனி நாள் முழுவதும்.

தீனி ஏன் என்றால், பெரிய பெட்ரோல் எஞ்சின் குறைந்த சுமையில் ஓடும்போதுதான் வீணடிக்கிறது. எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவான த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்க, அந்தச் சந்து வழியாகக் காற்றை உறிஞ்சவே பிஸ்டன்கள் மெனக்கெட வேண்டும்; எட்டு சிலிண்டரின் உராய்வும் அப்படியே இருக்கும். இதற்குத்தான் இத்தனை வைத்தியங்கள். ஆடி ஆர்எஸ்7 காரின் 4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், லேசாக ஓட்டும்போது நான்கு சிலிண்டர்களை அணைத்துவிடுகிறது. எட்டு வேகக் கியர் பெட்டிகள் நெடுஞ்சாலையில் எஞ்சினை மெதுவாகச் சுழல விடுகின்றன. மூன்றாவது வைத்தியம் ஹைப்ரிட், அதாவது எஞ்சினோடு மின்மோட்டாரையும் சேர்ப்பது. கொஞ்சம் சிக்கலானதும் அதுதான்.

2024இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 காரையே எடுத்துக்கொள்வோம். 4.4 லிட்டர் இரட்டை டர்போ வி8 எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து 727 குதிரைத்திறன், 1,000 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை). மின்சாரத்தில் மட்டும் 60 கி.மீ.க்கு மேல் ஓடும். ஆனால் எடை 2,400 கிலோவைத் தாண்டிவிட்டது. 0-100 கி.மீ. வேகத்துக்கு 3.5 வினாடி. இதற்கு முந்தைய எம்5 காம்பெட்டிஷன் 625 குதிரைத்திறனில் அதே வேகத்தை 3.3 வினாடியில் எட்டியது! கூடுதலாகக் கிடைத்த 100 குதிரைத்திறனைப் பேட்டரியின் எடை விழுங்கிவிட்டது. டிக்கியின் கொள்ளளவும் குறைந்தது. தினமும் சார்ஜ் செய்து அலுவலகம் போய்வருபவருக்குப் பெட்ரோல் செலவே தெரியாது என்பதும் உண்மை. சார்ஜ் செய்யச் சோம்பல்படுபவர் கனமான வி8 ஒன்றைச் சுமந்து திரிகிறார்.

மெர்சிடிஸ்-ஏஎம்ஜி சி63 எஸ் இ பெர்ஃபார்மன்ஸ் இன்னொரு பாதையில் போனது. முந்தைய வி8 போய், 2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் வந்தது. அது மட்டுமே 476 குதிரைத்திறன். பின் அச்சில் உள்ள மோட்டாரோடு சேர்த்து 680. பேட்டரி வெறும் 6.1 கிலோவாட் மணி; அதன் 560 செல்களையும் தனித்தனியே திரவம் தழுவிக் குளிர்விக்கிறது. அபாரமான பொறியியல், மறுக்கவில்லை. ஆனால் மின்சாரத்தில் 13 கி.மீ. ஓட்டத்துக்காக வி8 உறுமலை யார் விட்டுக்கொடுப்பார்கள்? எடையும் 2,100 கிலோவைத் தாண்டியது. எனக்கு இது இரண்டு பக்கமும் சேராத கார்.

என் கணக்கில் சமநிலை கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. பிஎம்டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவ் கார்: 3 லிட்டர் ஆறு சிலிண்டர், 374 குதிரைத்திறன், 48 வோல்ட் மைல்டு ஹைப்ரிட் (மோட்டார் எஞ்சினுக்குச் சிறு உதவி மட்டும் செய்யும்), 0-100க்கு 4.4 வினாடி. புதிய எம்5இன் பாதித் திறன், பின்தங்குவது 0.9 வினாடி. பல நூறு கிலோ எடை குறைவு என்பதால் டயர், பிரேக் பட்டை எல்லாமே அதிக நாள் வரும்.

முழு மின்சாரக் கார்களில் இந்தக் குறைசுமை நோய் அவ்வளவாக இல்லை. லூசிட் ஏர் காரின் காற்றுத் தடைக் கெழு (குறையக் குறைய நல்லது) 0.197, அதன் சஃபையர் வகையில் 1,234 குதிரைத்திறன். வேகமும் சிக்கனமும் ஒரே காரில் வந்துவிட்டன. எடையைச் சுமக்கும் டயர்களுக்குத்தான் விமோசனம் இல்லை.

ஓட்டிப் பார்க்கப் போனால் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்துப் பிரமிப்பதோடு திரும்பிவிடாதீர்கள். சிக்னலை நெருங்கி பிரேக்கை மென்மையாக அழுத்துங்கள். ஹைப்ரிட் கார்களில் முதலில் மின்மோட்டாரே வேகத்தைக் குறைக்கும்; கடைசிச் சில மீட்டரில் அது பிடியை விட்டு வட்டு பிரேக் பொறுப்பேற்கும். சிலவற்றில் அந்தக் கைமாற்றம் காலுக்கே தெரியும். தலை லேசாக முன்னே சாயும். தினமும் நெரிசலில் ஓட்டுபவரை இது எரிச்சலூட்டியே கொல்லும். பின் இருக்கையில் அமர்ந்து ஒரு மோசமான சாலையில் போகச் சொல்லுங்கள். 21 அங்குலச் சக்கரமும் அகலத்தில் 35 சதவீத உயரமே உள்ள டயரும் குழியை எப்படிக் கடத்துகின்றன என்று முதுகு சொல்லிவிடும். பிளக்-இன் ஹைப்ரிட் (வெளியிலிருந்து சார்ஜ் செய்யக்கூடியது) என்றால் பேட்டரி தீர்ந்த நிலையிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். விற்பனையாளர் முழு சார்ஜில்தான் காரைக் கொண்டுவருவார். சார்ஜ் தீரும்வரை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.