மகள் செய்தியாளராக வேண்டும் என்கிறாள், பெரியம்மா சட்டம் என்கிறார்

மொன்றியலில் பிரெஞ்சுப் பள்ளியில் கடைசி வகுப்பு முடிக்கும் உங்கள் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவளுக்குச் செய்தித்துறையில்தான் விருப்பம். ரொறன்ரோ பெரியம்மாவோ, "இங்கே வந்து சட்டம் படிக்கட்டும்" என்று விடாமல் சொல்கிறார். செய்தித்துறையில் வேலை கிடைக்குமா என்ற உங்கள் பயம் புரிகிறது. ஆனால் பெரியம்மா சொல்வது தவறு.

செய்தியாளராக இருந்து கியூபெக் மாகாண முதல்வரான ரெனே லெவெக்கைப் பாருங்கள். அவருடைய தகப்பன் சட்டத்தரணி. மகனும் லவால் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கத்தான் போனார், ஆனால் முடிக்கவில்லை. பள்ளி வயதிலேயே உள்ளூர் வானொலியில் வேலை பார்த்தவர் அவர். 1944இல் அமெரிக்கப் படையோடு போர்ச் செய்தியாளராக ஐரோப்பா போனார். அப்புறம் 1956 முதல் 1959 வரை தொலைக்காட்சியில் கரும்பலகையும் வரைபடமும் வைத்துச் சூயஸ் நெருக்கடியையும் அல்ஜீரியப் போரையும் சாதாரண மக்களுக்குப் புரியவைத்தார். 1960இல் தேர்தலில் வென்று அமைச்சரானதும், மின் நிறுவனங்களை ஏன் அரசுடைமையாக்க வேண்டும் என்று அதே முறையில் விளக்கினார். 1976இல் கியூபெக்கின் முதல்வரானார். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பள்ளிக்கு அனுப்பவைத்த 101ஆம் சட்டம், 1977இல் அவருடைய அரசு கொண்டுவந்ததுதான். உங்கள் மகளின் பிரெஞ்சு அப்படி வந்தது. அதை ரொறன்ரோவுக்குக் கொண்டுபோய் வீணாக்க வேண்டுமா?

வழக்கமான பல்கலைக்கழகங்களை நீங்களே விசாரித்திருப்பீர்கள். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: கியூபெக்கின் சகேனேயில் உள்ள ஜொன்கியர் செஜெப். செஜெப் என்றால் பள்ளிக்குப் பிறகு, பல்கலைக்கழகத்துக்கு முன் படிக்கும் கியூபெக் கல்லூரி. அங்கே ஊடகக் கல்விக்கென்றே 1967 முதல் ஒரு பிரிவு இயங்குகிறது. செய்தித்துறைப் படிப்பு மூன்று வருடம். செய்தி எழுதுவது, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, வானொலி எல்லாம் கையால் செய்து பழகுவார்கள். எல்லா பிரெஞ்சு செஜெப் மாணவர்களையும்போல பிரெஞ்சு இலக்கியமும் தத்துவமும் படித்தாக வேண்டும். செய்தியாளருக்கு அந்த இரண்டும் மிக அவசியம் என்பேன். மொன்றியலிலிருந்து பஸ்ஸில் பல மணி நேரப் பயணம், கடும் குளிர், சுற்றிலும் பிரெஞ்சு மட்டும். முதல் பருவம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

செலவைப் பாருங்கள். கியூபெக் வாசிகள் அரசு செஜெப்பில் முழுநேரம் படித்தால் கல்விக்கட்டணமே கிடையாது, சிறு பதிவுக் கட்டணங்கள்தான். ஒன்ராறியோவில் முதலில் பல்கலைக்கழகப் படிப்பு, பிறகு மூன்று வருடச் சட்டம். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் அந்தச் சட்டப் படிப்புக்கு மட்டும் வருடம் 30,000 டொலருக்கு மேல். இதற்காக வீட்டை வைத்துக் கடன் எடுக்கவே கூடாது.

செய்தி அறைகளில் வேலை குறைந்துவருவது உண்மை, மகளும் அதைத் தெரிந்தே போக வேண்டும். பிறகு மனம் மாறினால், செஜெப் சான்றிதழோடு கியூபெக்கிலேயே சட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

செஜெப்புக்கான முதல் சுற்று விண்ணப்பம் மார்ச் 1உடன் முடியும். படிவத்தை அவளே நிரப்பட்டும், பெரியம்மாவுக்குப் பதிலை நீங்கள் சொல்லுங்கள்.