கானாடுகாத்தானிலிருந்து ரிப்பன் கட்டடத்துக்கு

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

செட்டிநாட்டில், கானாடுகாத்தானுக்கு அடுத்த ஊர் என்னுடையது. இப்போது சென்னையில் வேலை. சென்ற மாதம் சொத்துவரி விஷயமாக மாநகராட்சியின் ரிப்பன் கட்டடத்துக்குப் போனபோது, "சென்னையின் முதல் மேயர் முத்தையா செட்டியாரே எங்கள் பக்கத்து ஆள்தான்" என்று உடன் வந்த நண்பரிடம் சொன்னேன். எங்கள் ஐயா (தாத்தா) அடிக்கடி சொல்வது. நண்பரோ, "அப்பன் வீட்டுப் பணம், பதவி வந்தது, இதில் உனக்கென்ன பெருமை?" என்று கேட்டுவிட்டார். எனக்குப் பதில் வரவில்லை. வட்டிக்கடைக் கணக்கு தெரிந்தால் நகரத்தை ஆண்டுவிட முடியுமா? தியாகராய செட்டியாரும் நம்மவர்தானே?

லெ., சென்னை

அன்புள்ள லெ.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். பிட்டி தியாகராயர் நம்மைப் போல் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) அல்லர். தெலுங்கு பேசும் தேவாங்கர். 1920இல் மாநகராட்சித் தலைவராகி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டவர். தி.நகர் அவர் பெயரில்தான் இருக்கிறது. பெயருக்குப் பின்னால் செட்டியார் என்று இருந்தால் உடனே நம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் ஆசை நமக்கு அதிகம்.

உங்கள் ஐயா சொன்னதிலும் சிறு திருத்தம் உண்டு. கிழக்கிந்தியக் கும்பினியார் காலத்திலேயே, 1688இல், நத்தானியேல் ஹிக்கின்சன் சென்னைக்கு மேயராக உட்கார்ந்துவிட்டார். பிற்காலத்தில் அந்தப் பதவி போய், தலைவர் என்று ஆகி, 1933இல் மேயர் என்ற பெயர் திரும்பி வந்தது. முந்தைய ஆண்டில் தலைவரான எம்.ஏ. முத்தையா செட்டியாரே முதலில் அந்தப் பெயருக்கு உரியவரானார். அந்த வரிசையைத் தொடங்கியவர் என்ற அளவில் ஐயா சொன்னது சரி.

உங்கள் நண்பர் சொன்னதையும் நான் மறுக்க மாட்டேன். முத்தையா செட்டியார் 1905இல் பிறந்தவர். மேயரானபோது முப்பது நிறையவில்லை. தந்தை ராஜா சர் அண்ணாமலை செட்டியார், 1929இல் சிதம்பரத்தில் பல்கலைக்கழகம் கண்டவர். மகன், கடல் கடந்த வட்டிக்கடைகளில் வேலை பழகும் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, உதவியாளரான அடுத்தாளாகி, கடையை நடத்தும் மேலாளாகி ஊர் திரும்பியவர் இல்லை. பட்டணத்துக் கல்லூரியில் படித்தவர். அந்த வீட்டில் பிறக்காமல் அந்த வயதில் அந்த நாற்காலி கிடைத்திருக்குமா என்று கேட்டால், கிடைத்திருக்காது என்றே சொல்வேன். நகரத்தை 'ஆண்டார்' என்பதும் பெரிய வார்த்தை. அன்று வரி கட்டுகிறவர்களுக்கே ஓட்டு. மேயரைத் தேர்ந்தெடுத்தது மன்ற உறுப்பினர்கள். 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி நிர்வாகம் ஆணையர் கையில்.

ஆனால் வட்டிக்கடை என்று அவர் உதட்டைச் சுழித்திருந்தால் அதற்கு நான் உடன்பட மாட்டேன். நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களையும் அரசு உதவியா நடத்தியது? கல்யாணமான ஒவ்வொருவனும் ஒரு புள்ளி. புள்ளிக்கு இவ்வளவு வரி. கடைகளில் தர்மத்துக்கென்று மகமை என்ற பெயரில் தனியாக ஒரு பற்று. வரி வாங்கிப் பொதுக்காரியம் செய்வதும், அதற்குக் கணக்குக் காட்டுவதும் ரிப்பன் கட்டடத்தில் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியவை அல்ல. முத்தையா செட்டியார் இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான் அங்கே உட்கார்ந்தார் என்று நான் சொல்ல வரவில்லை.

எனக்கு அந்த மனிதரைவிட அவர் மேயரான 1933 என்ற அந்த வருஷம்தான் உறுத்துகிறது. 1930இல் பர்மாவில் நெல் விலை சரிந்தது. அங்கே நம்மவர் கடைகளில் கடன் வாங்கிய உழவர்களால் வட்டி கட்ட முடியவில்லை. அசலுக்கு நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் நம்மவர் கையில் இருந்தது. 1938இல் 25 பங்கு. கேட்பதற்குப் பெரிய சொத்து போலத் தோன்றும். கொடுத்தது ரொக்கம், திரும்பி வந்தது விற்க முடியாத சேறு. பர்மியருக்கு நம்மேல் வெறுப்பு வளர்ந்ததும் அந்த நிலத்தால்தான். அதில் நியாயமும் இருந்தது. 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தான். போர் முடிந்த பின் வந்த நில நாட்டுடைமைச் சட்டம் மிச்சத்தையும் முடித்தது. கானாடுகாத்தான் அரண்மனைக்கு, அதாவது ராஜா வீட்டுக்கு, கல்வி, வங்கி என்று வேறு கால்கள் இருந்தன. எங்கள் வீடு போன்ற வீடுகளுக்கு அந்த ஒரு கால்தான்.

எங்கள் முகப்பு அறைப் பெட்டகத்தில், பேரேடுகளுக்கு அடியில், பர்மாவிலிருந்து என் ஐயா அப்பத்தாவுக்கு (பாட்டிக்கு) எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஸ்ரீமுக வருஷம், கார்த்திகை. நம் மேயர் உட்கார்ந்த அதே 1933. மடிப்பில் கிழிந்து, பின்னால் யாரோ சோறு தொட்டு ஒட்டியிருக்கிறார்கள். முக்கால்வாசி நெல் விலைதான். நடுவில் ஒரு வரி: நம் குமாரராஜா (ராஜாவின் மகன் முத்தையா செட்டியார்) பட்டணத்துக்கு மேயராகியிருக்கிறாராம், இங்கே கிட்டங்கியில் (நம்மவர் கடைகள் இருக்கும் கட்டடத்தில்) எல்லாருக்கும் சந்தோஷம். அதற்கு அடுத்த வரியில், வசூல் நின்றுவிட்டதால் கணக்கு முடிக்காமல் கிளம்ப முடியாது, வீட்டார் கூடி இழை எடுக்கும் நம் பிள்ளையார் நோன்புக்குத் தான் வரப்போவதில்லை, பையன்களை வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.