கண்ணைப் பரிசோதிக்கும் ஏஐ வேறு, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் ஏஐ வேறு

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 58. பத்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. போன மாதம் மகன் ஊருக்கு வந்தபோது அவர் செல்போனில் ஒரு ஏஐ செயலியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து எதற்கெடுத்தாலும் அதைத்தான் கேட்கிறார். பிளட் டெஸ்ட் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்புகிறார், வயலுக்கு எவ்வளவு உரம் என்று கேட்கிறார், பேத்திக்குக் கணக்கும் அதை வைத்தே சொல்லித் தருகிறார். “கண் ஆஸ்பத்திரியிலேயே ஏஐ வைத்துத்தான் பார்க்கிறார்கள், நமக்கு எதற்கு டாக்டர்?” என்கிறார். இதை எவ்வளவு நம்பலாம்? ஏஐ என்பது உண்மையில் என்ன? நம் விவரமெல்லாம் வெளியே போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி உண்மை. கண் ஆஸ்பத்திரிகளுக்கு ஏஐ வந்துவிட்டது நிஜம்தான். ஆனால் அங்கே இருக்கும் ஏஐ வேறு, அவர் போனில் இருக்கும் ஏஐ வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதால், ஒன்று உழைத்துச் சம்பாதித்த நம்பிக்கையை இன்னொன்றுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். உங்கள் கேள்வியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாதாரணக் கணினி நிரல், மனிதர் எழுதிக் கொடுத்த விதிப்படி நடக்கும். மின்கட்டணக் கணக்கு அப்படித்தான்: இத்தனை யூனிட் வரை இவ்வளவு, அதற்கு மேல் இவ்வளவு. அதில் ஊகத்துக்கு இடமே இல்லை. ஆனால் ஒரு போட்டோவில் இருப்பது உங்கள் பேத்தியா, பக்கத்து வீட்டுக் குழந்தையா என்று கண்டுபிடிக்க என்ன விதியை எழுதுவது? அந்த மாதிரி இடங்களுக்காக வந்ததுதான் இன்றைய ஏஐ. விதியைச் சொல்லித் தராமல், லட்சக்கணக்கான உதாரணங்களைக் காட்டி, அவற்றுக்குள் இருக்கும் ஒழுங்கைக் கணினியையே கண்டுபிடிக்க வைக்கிறார்கள். ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு என்ற பெயர் பழையது. 1955இல் கணினி விஞ்ஞானி ஜான் மெக்கார்த்தி மற்ற மூவருடன் சேர்ந்து எழுதிய ஒரு முன்மொழிவில் அது வந்தது; மறு வருடம் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் இதற்காகவே ஆய்வாளர்கள் கூடினார்கள். உதாரணங்களைப் பார்த்துக் கற்கும் முறை பெரிய அளவில் கைகொடுக்கத் தொடங்கியது 2012ஐ ஒட்டித்தான். இணையத்தில் படங்களும் எழுத்தும் மலைபோலக் குவிந்ததும், வேகமான சிப்புகள் வந்ததும் அதற்குக் காரணம்.

நீங்களும் இதைப் பல வருடமாகப் பயன்படுத்துகிறீர்கள். தேவையில்லாத மெயிலைத் தனியாக ஒதுக்குவது, தஞ்சாவூர் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று மேப் சொல்வது, வாட்ஸ்அப்பில் நீங்கள் பேசப் பேசத் தமிழில் எழுத்தாக விழுவது, வழக்கத்துக்கு மாறாக யாரோ உங்கள் கார்டைத் தேய்த்தால் வங்கி தடுத்து நிறுத்துவது எல்லாவற்றிலும் ஏஐ இருக்கிறது. இவற்றை நம்பலாமா என்று யாரும் கடிதம் எழுதுவதில்லை. ஏனென்றால் தப்பு நடந்தால் உடனே கண்ணில் படும், பெரிய நஷ்டமும் இல்லை. ‘வாங்கினேன்’ என்று சொன்னது ‘வங்கினேன்’ என்று விழுந்தால் திருத்திவிட்டு அனுப்புகிறோம், அவ்வளவுதான்.

சரி, கண் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை நீண்ட நாள் இருந்தால் விழித்திரையில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட்டுப்போய்க் கசியத் தொடங்கும். ஆரம்பத்தில் பார்வையில் ஒரு மாற்றமும் தெரியாது. தெரியவரும்போது பல பேருக்குக் காலம் கடந்திருக்கும். அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும் என்கிறார்கள். அத்தனை கோடிப் பேரையும் உட்காரவைத்துப் பார்க்க நம் நாட்டில் கண் மருத்துவர்கள் போதாது. இந்தச் சிக்கலுக்காகக் கூகுள் ஆய்வாளர்கள் 1,28,175 விழித்திரைப் படங்களை எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த படங்களோடு, அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இந்திய மருத்துவமனைகளின் படங்களும் அதில் உண்டு. 54 கண் மருத்துவர்கள் அவற்றைப் பார்த்து மதிப்பிட்டார்கள். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது மூன்று தடவை, சிலவற்றை ஏழு தடவை வரை மதிப்பிட்டார்கள். பாதிப்பு எவ்வளவு என்பதோடு, இந்தப் படத்தை வைத்து முடிவு சொல்ல முடியுமா முடியாதா என்பதையும் குறித்தார்கள். இப்படிப் பழக்கிய ஏஐயை, அது அதுவரை பார்த்திராத படங்களைக் கொடுத்துச் சோதித்து, 2016இல் மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். அதன் பிறகே மதுரை அரவிந்தில் நோயாளிகளுக்குப் பயன்படுத்தினார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ‘முடிவு சொல்ல முடியாது’ என்பதையும் அதற்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்பதுதான். பின்னால் தாய்லாந்தில் கிளினிக்குகளில் இதைப் பயன்படுத்திப் பார்த்தபோது, அறையில் வெளிச்சம் சரியில்லாததால் படம் தெளிவாக விழவில்லை. ஐந்தில் ஒரு படத்துக்கும் மேல் அது ஏற்க மறுத்துவிட்டது. நர்சுகளுக்கும் நோயாளிகளுக்கும் அது பெரிய அலைச்சல்தான். ஆனாலும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவி தெரிந்ததைச் சொல்லும்போது நம்ப முடிகிறது.

இனி உங்கள் வீட்டுக்காரர் போனில் இருப்பதைப் பார்ப்போம். சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை மொழியைப் பழகிய ஏஐ. “ஆற்றில் போட்டாலும்” என்று நான் நிறுத்தினால், “அளந்து போடு” என்று நீங்கள் முடிப்பீர்கள். எத்தனையோ முறை காதில் விழுந்திருப்பதால் அது தானாக வருகிறது. இந்த ஏஐகளின் அடிப்படை வேலையும் இதுதான்: கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, இதுவரை எழுதியதற்கு அடுத்து எது பொருத்தமாக வரும் என்று கணிப்பது. இதற்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் என்ற அமைப்பைக் கூகுள் ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது 2022 நவம்பர் 30 அன்று. கணிப்புதானே என்று சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சுருக்கித் தருவது, மொழிபெயர்ப்பது, விளக்குவது, கடிதம் எழுதித் தருவது என்று நிஜமாகவே வியக்கும்படி பல வேலைகளைச் செய்கிறது. ஆனால் பொருத்தமாக வருவதெல்லாம் உண்மையாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. உண்மையைச் சொல்லும்போதும் இல்லாததைச் சொல்லும்போதும் அதன் குரலில் ஒரு வித்தியாசமும் இருக்காது.

2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் இப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள். ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், முன்மாதிரித் தீர்ப்புகள் என்று சாட்ஜிபிடி கொடுத்ததை அப்படியே மனுவில் சேர்த்துவிட்டார்கள். அவற்றில் பல தீர்ப்புகள் உலகத்திலேயே இல்லாதவை. அந்த வழக்கெல்லாம் நிஜம்தானா என்று அதனிடமே கேட்டும் பார்த்திருக்கிறார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கிறது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார்.

இப்போது அவருடைய பிளட் ரிப்போர்ட். எச்பிஏ1சி 8.2 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது என்ன, ஏன் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிறது, எதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்கிறார்கள் என்பதையெல்லாம் அவர் தாராளமாகக் கேட்கட்டும். 6.5 முதல் சர்க்கரை நோய் என்று சரியாகவே சொல்லும்; எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் விஷயம்தான். “டாக்டரிடம் நான் என்னென்ன கேட்க வேண்டும்?” என்று கேட்டால் இன்னும் நல்லது. ஐந்து நிமிடம் மட்டும் கிடைக்கும் டாக்டரிடம் பதற்றமில்லாமல் பேச அது உதவும். இந்த வேலைக்கு நானே சிபாரிசு செய்வேன்.

“அப்போ மாத்திரையைக் கூட்டலாமா?” என்ற கேள்வியை மட்டும் அங்கே கேட்கவே கூடாது. நம் ஊர்க் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் பெயருக்குப் பின்னால் 1, 2 என்று ஒரு எண் வரும். பெரும்பாலும் அது கிளிமிபிரைடு என்ற மருந்து எத்தனை மில்லிகிராம் என்பதைக் குறிக்கும். அட்டையைக் கிழித்து மாத்திரை எடுத்த பிறகு அந்த எண் இருந்த மூலையே போயிருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பினால், கண் ஆஸ்பத்திரி ஏஐ போல ‘தெரியவில்லை’ என்று நிற்காமல் இது ஒரு எண்ணை ஊகித்துவிடக்கூடும். அந்த மருந்து கூடினாலோ, போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாலோ சர்க்கரை சட்டென்று இறங்கும், மயக்கம் வரை போகும். அவருடைய சிறுநீரகம் எப்படி, வேறு என்ன மாத்திரை போடுகிறார், விரதம் இருக்கிறாரா என்பதெல்லாம் அவருடைய டாக்டருக்குத் தெரியும். செயலிக்கு அவர் தட்டச்சு செய்தது மட்டும்தான் தெரியும்.

உரத்திலும் இதே கதை. பரிந்துரைகள் ஹெக்டேர் கணக்கில் இருக்கும், அவர் ஏக்கர் கணக்கில் யோசிப்பார். ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அப்புறம், 120 கிலோ தழைச்சத்து என்றால் 120 கிலோ யூரியா இல்லை. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம்தான் என்பதால் சுமார் 260 கிலோ ஆகும். பதிலில் இந்த இரண்டும் குழம்பினால் காசும் போகும், பயிரும் போகும். எந்தப் பூச்சி, எந்த நோய் என்று ஒரு யோசனை பெற அதைக் கேட்கலாம். அளவை முடிவு செய்ய மண் பரிசோதனை செய்து மண் வள அட்டை வாங்குங்கள், உங்கள் பகுதி வேளாண் உதவி அலுவலரைக் கேளுங்கள். 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

பேத்தியின் கணக்குக்கு நான் தடை சொல்ல மாட்டேன். முதலில் அவள் நோட்டில் போட்டுப் பார்க்கட்டும், பிறகு எந்த வரியில் தப்பு என்று கேட்கட்டும். விடையை முதலிலேயே வாங்கிவிட்டால் அவளுக்கு அதில் ஒன்றும் மிஞ்சாது.

தமிழில் கேட்பது பற்றி ஒரு வார்த்தை. இந்த ஏஐகள் படித்ததில் ஆங்கிலம்தான் மிக அதிகம், தமிழ் அதில் ஒரு சிறு பங்குதான். அதனால் நம் ஊர், நம் கோயில், நம் பயிர் பற்றிய நுணுக்கங்களில் அது வழுக்கும் வாய்ப்பு கூடுதல். தமிழில் கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. எண், தேதி, பெயர் வரும் இடங்களில் மட்டும் இரட்டிப்பு கவனம் தேவை.

விவரம் வெளியே போய்விடுமா என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் அனுப்புவது போனிலேயே தங்குவதில்லை, நிறுவனத்தின் கணினிக்குப் போகிறது. பல செயலிகளில், நாம் பேசுவதை ஏஐயை மேம்படுத்தவும் எடுத்துக்கொள்வார்கள். செட்டிங்ஸில் அதை நிறுத்தும் வசதி பெரும்பாலும் இருக்கும், மகனிடம் சொல்லி நிறுத்திவிடுங்கள். ரிப்போர்ட்டைப் படம் எடுக்கும்போது பெயர், போன் எண், ஆஸ்பத்திரிப் பதிவு எண் உள்ள மேல் பகுதியை விட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். ஆதார், பாஸ்புக், ஓடிபி, யுபிஐ பின் எதுவும் அதில் போகவே கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் எனக்குப் பயம் அதிகம். மூன்று விநாடிக் குரலை வைத்தே ஒருவர் பேசுவதுபோலப் போலிக் குரல் உருவாக்க முடியும் என்று 2023 தொடக்கத்திலேயே மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். நாளைக்கு உங்கள் மகன் குரலிலேயே “அம்மா, ஆக்சிடென்ட் ஆயிடுச்சு, உடனே பணம் அனுப்புங்க” என்று ஒரு போன் வரலாம். வந்தால் வைத்துவிட்டு, நீங்கள் சேமித்து வைத்திருக்கும் அவன் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வதும் நல்லது. பணம் போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணைக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

உங்கள் வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் வாதம் செய்து ஜெயிக்க முடியாது. அதற்குப் பதிலாக, அவர் கரைத்துக் குடித்த விஷயத்தை அதனிடம் கேட்கச் சொல்லுங்கள். மகாமகம் எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்றால் பன்னிரண்டு என்று சரியாகச் சொல்லிவிடும், ஊரறிந்த விஷயம். உங்கள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலின் கதையைக் கேட்கட்டும். எங்கும் எழுதப்படாத கோயில் என்றால், மன்னர் பெயரோடு ஒரு தலபுராணமே தயார் செய்து கொடுத்தாலும் கொடுக்கும். அப்புறம் அது சரியாகச் சொன்ன ஒரு பதிலுக்குக் கீழே, “தப்பு, நன்றாக யோசித்துச் சொல்” என்று அவர் எழுதட்டும். பல நேரம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சரியான பதிலையே மாற்றிவிடும். இந்த இரண்டையும் அவர் கண்ணால் பார்த்த பிறகு, மாத்திரை பற்றிப் பேச்சை எடுங்கள்.