மகளின் திரையில் வந்த பிழை: செவ்வாய்ப்பேட்டைத் தந்தை ஒருவருக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

மூன்று நாட்களாக ஒரே பிழையோடு மகள் மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, கணினிப் படிப்பு ஒத்துவராது போலிருக்கிறது, வணிகவியலுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். மாற்ற வேண்டாம். சென்ற வாரம் அவர் மடிக்கணினியோடு வந்தபோது அந்தப் பிழையை இருவருமாக உட்கார்ந்து பார்த்தோம் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

உங்கள் கொலுசுப் பட்டறையில் ஆட்கள் மாலையில் ஒப்படைக்கும் எடைகளைக் கூட்டிக் காட்ட, இணையப் பக்கங்களை இயக்கும் பிஎச்பி என்ற நிரல் மொழியில் அவர் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். கூட்டும் ஃபங்ஷனுக்குள், அதாவது அந்த வேலையைச் செய்யும் நிரல் துண்டுக்குள், பல எடைகள் அடங்கிய அரே (பட்டியல்) மட்டுமே வர வேண்டும் என்று வகையையும் குறித்திருக்கிறார். பலர் சோம்பி விட்டுவிடும் நல்ல பழக்கம் இது. முதல் ஆர்குமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பு) அரேயாக இருக்க வேண்டும், ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) தரப்பட்டிருக்கிறது, அழைத்தது 31ஆம் வரி, ஃபங்ஷன் இருப்பது 8ஆம் வரி என்று திரை சொன்னது. அவர் மூன்று நாளும் 8ஆம் வரியையே திருத்திக்கொண்டிருந்தார். அழைக்கும் இடத்துக்கு முன்பாக வந்த மதிப்பை அதன் வகையோடு காட்டும் வார்_டம்ப் கட்டளையைப் போட்டுப் பார்த்தபோது, நான்கு எழுத்து நீளமுள்ள ‘42.5’ என்ற ஒற்றை ஸ்ட்ரிங் மட்டும் நின்றது. படிவத்தின் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே பெயர் வைத்து, பெயரின் முடிவில் சதுர அடைப்புக்குறி இடாமல் விட்டதால், கடைசிப் பெட்டியின் எடை மட்டுமே வந்து சேர்ந்திருக்கிறது. குறியை இட்டதும் எல்லா எடைகளும் அரேயாக வந்தன.

இதற்கிடையே தோழி ஒருவர், வந்ததை அப்படியே அரேயாக மாற்றிவிடு, பிழை போய்விடும் என்று யோசனை சொல்லியிருக்கிறார். பிழை போயிருக்கும், ஆனால் ஒரே ஒருவருடைய எடையைத்தான் அன்றைய மொத்தம் என்று திரை காட்டியிருக்கும், வெள்ளிக் கணக்கில் அது என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மகள் அந்த யோசனையை ஏற்கவில்லை. நான் அவரிடம் நம்பிக்கை வைத்ததற்கு முதல் காரணம் அதுதான்.

பழைய பாடக்குறிப்புகளும் குழப்பம் தரும். அரேயில் எத்தனை உள்ளன என்று எண்ணும் கவுண்ட் ஃபங்ஷனுக்கு ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் முன்பு பேசாமல் ஒன்று என்று சொல்லும், பிஎச்பியின் 7.2 பதிப்பு எச்சரித்தது. 2020இல் வந்த 8ஆம் பதிப்பிலோ நிரல் அங்கேயே நின்றுவிடும். எனவே, குறிப்பைப் பார்த்து எழுதியது ஓடவில்லை என்பதால் மாணவருக்குத் திறமை இல்லை என்று ஆகிவிடாது.

இணையதளங்கள் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் இன்றும் பிஎச்பியில்தான் இயங்குகிறது. பிறர் எழுதிய நிரலில் இத்தகைய பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவதே புதிதாகச் சேர்பவருக்கு வரும் வேலையில் பெரும்பகுதி. அதற்கு வேண்டிய பொறுமை அவரிடம் இருக்கிறது, வாசிக்கும் முறையும் இப்போது பிடிபட்டுவிட்டது.

இப்போதைக்கு, சென்ற மாதப் பேரேட்டை அவர் கையில் கொடுத்து, ஒவ்வொரு நாள் எடையையும் அந்தப் பக்கத்தில் ஏற்றச் சொல்லுங்கள். அது காட்டும் மொத்தத்தை நீங்கள் கையால் கூட்டியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கேனும் ஒரு கிராம் இடித்தாலும், மகளோடு நீங்களும் ஒருமுறை வாருங்கள்.