மொட்டை மாடியில் பகடை: கேம் மாஸ்டர் அக்காவின் கேள்வி பதில்

வார நாள்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல ஜிஎஸ்டி கணக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, மதுரை பீபீகுளத்துல எங்க வீட்டு மொட்டை மாடியில நான் கேம் மாஸ்டர். ஒன்பது வருஷமா இப்படித்தான் ஓடுது. "டேபிள்டாப் ரோல் பிளேயிங் பத்தி என்ன வேணா கேளுங்க"ன்னு போன வாரம் வாயை விட்டுட்டேன், கேள்வி குவிஞ்சிருச்சு. ஒரே மாதிரி வந்ததைச் சேர்த்து, முடிஞ்ச வரைக்கும் பதில் எழுதியிருக்கேன்.

ஒத்தக்கடை, வேன் ஓட்டுற அண்ணன்: என் தங்கச்சி மகன் இதை ஆடுறேன்னு வாராவாரம் கிளம்பிடுறான். பலகை இல்ல, காய் இல்ல, ஜெயிச்சவன் தோத்தவன்னும் இல்லங்கிறான். அப்ப என்னத்தைத்தாம்மா ஆடுறாங்க?

அண்ணே, விளக்கம் சொல்றதை விட எங்க மாடியில நடந்ததை அப்படியே எழுதுறேன், பாருங்க.

நான்: "வைகை காஞ்சு கிடக்கு. ராத்திரி ரெண்டு மணி. கல்பாலத்துக்குக் கீழ ஒரு மாட்டு வண்டி நிக்குது. மாட்டைக் காணோம். என்ன பண்றீங்க?"
ஒரு தம்பி: "வண்டிக்குள்ள எட்டிப் பாக்குறேன்."
"டார்ச் அடிச்சா, இருட்டுலயா?"
"இருட்டுலதான். சத்தம் வராம."
"சரி, உருட்டு."
இருபது முகப் பகடையில 4 விழுந்துச்சு. "காலடியில பானை ஓடு நொறுங்குது. வண்டிக்குள்ள இருந்து ஒரு குரல், 'யார்ரா அது?'"

அவ்வளவுதாண்ணே ஆட்டம். ஒருத்தர் உலகத்தைச் சொல்றார், அவர்தான் கேம் மாஸ்டர். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கிட்டு, அந்த ஆள் என்ன செய்வான்னு சொல்றாங்க. நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வர்ற இடத்துல பகடை. பொம்மைப் படைகளை வச்சு ஆடின போர் விளையாட்டுல இருந்து இது கிளைச்சுது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்னு ரெண்டு அமெரிக்கக்காரங்க 1974-ல 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கொண்டுவந்தாங்க. படைக்குப் பதிலா ஒரே ஒரு ஆளா நின்னு ஆடினா எப்படி இருக்கும்னு யோசிச்சதுதான் அதுல புதுசு.

திருநகர், கல்லூரி மாணவர்: அக்கா, நாற்பது பக்கம் கதை எழுதிட்டுப் போனேன். வில்லன், அவன் கோட்டை, கடைசிச் சண்டை எல்லாம் ரெடி. பசங்க முதல் காட்சியில வந்த டீக்கடைக்காரரோட சேர்ந்து வடை வியாபாரம் பண்ணக் கிளம்பிட்டாங்க. மூணு மணி நேரம் வடைதான். நான் என்ன தப்பு பண்ணேன்?

தம்பி, சிரிச்சுட்டேன், மன்னிச்சுக்கோ. தப்பு அந்த நாற்பது பக்கத்துலதான் இருக்கு. நீ நாவல் எழுதிட்டுப் போயிருக்க. அவங்க அதுல நடிக்க வரல, ஆட வந்தாங்க.

நான் இப்ப ஒரு செஷனுக்கு ஒரு பக்கம்தான் எழுதுறேன், அதுவும் பழைய டைரித் தாள்ல. யாருக்கு என்ன வேணும், அவங்க அதுக்காக என்ன செய்யப் போறாங்க, நம்ம ஆட்கள் தலையிடலன்னா அடுத்த வெள்ளிக்கிழமை என்ன ஆகும், இந்த மூணுதான் அதுல இருக்கும். நடுவுல என்ன நடக்கும்னு எழுதவே மாட்டேன், அது அவங்க பாடு.

உன் வடைக் கடையையே எடுத்துக்க. பசங்க வடை விக்கட்டும். எண்ணெய் யார்கிட்ட வாங்குறாங்க? வில்லனோட மச்சான் மண்டியில. மூணாவது நாள் எண்ணெய் டின்னுக்கு அடியில ஒரு ஓலை நறுக்கு கிடக்கு. கோட்டைக்கு அவங்க போகலன்னா, கோட்டை வடைக் கடைக்கு வரும். கையில இருக்கிற நாற்பது பக்கத்தைத் தூக்கிப் போடாத. பேரு, ஊரு, ஆளு எல்லாத்தையும் உருவி எடுத்துத் தனித்தனிச் சீட்டா வச்சுக்க, ஒரு வருஷத்துக்கு ஓடும்.

ஒரு விஷயம். டீக்கடைக்காரரை அவங்களுக்கு அவ்வளவு பிடிச்சுப் போச்சுன்னா நீ அந்த ஆளை நல்லாச் செஞ்சிருக்க. அதை மறந்துட்டுப் புலம்புற.

உசிலம்பட்டி: பகடை செட் ஆன்லைன்ல பாத்தா விலை கையைக் கடிக்குது. அதுலயும் ஏழு காய் இருக்கு. எல்லாமே வேணுமாக்கா?

வேண்டாம். முதல்ல ஒரு கதை. இருபது முகப் பகடையை நாங்க டி20-ன்னுதான் சொல்லுவோம். என் மாடிக்கு வர்ற ஒரு பையன் வீட்டுல "டி20 வாங்கணும், காசு குடுங்க"ன்னு கேட்டிருக்கான். அவங்க அப்பா மேட்ச் டிக்கெட்னு நினைச்சு, சேப்பாக்கத்துக்கா, கூட யாரு வர்றான்னு விசாரிச்சுக் காசைக் குடுத்துட்டார். வந்தது பிளாஸ்டிக் காய். ஒரு வாரம் வீட்டுல பேச்சுவார்த்தை இல்ல.

உங்க வீட்டுப் பரண்ல தாயக்கட்டை இருக்கும், எடுங்க. பித்தளையில நீளமா ரெண்டு கட்டை, ஒவ்வொண்ணுலயும் வெறுமை, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நாலு முகம். ரெண்டையும் உருட்டினா மொத்தம் 16 விதமா விழும். தாயம் விழ 2 வழி, ரெண்டுக்கு 3, மூணுக்கு 4, நாலுக்கு 3, அஞ்சுக்கு 2, ஆறுக்கு 1, ரெண்டும் வெறுமையா விழுற பன்னிரண்டுக்கு 1. நடுவுல மேடு, ரெண்டு ஓரமும் சரிவு. காசு குடுத்து வாங்குற பல ஆட்டங்கள்ல ரெண்டு ஆறுமுகப் பகடையை உருட்டுறதும் இந்த மேடு சரிவுக்காகத்தான்.

இதை வச்சு நான் ஒரு விதி கட்டினேன். முதல்ல பெரிய எண் நல்லது, சின்ன எண் கெட்டதுன்னு வச்சுப் பார்த்தேன், அது நடக்கல. கட்டையில ஒண்ணு விழுந்ததும் "தாயம்!"னு மேசையே குதிக்குது. அந்த நேரத்துல போய் "இல்லப்பா, நீ தோத்துட்ட"ன்னா எவன் கேப்பான்? பாட்டி மடியில உக்காந்து கத்துக்கிட்டதை என் விதி மாத்தாது. அதனால விதியை மாத்தினேன். தாயத்துல எதெல்லாம் விழுந்தா மறுபடி உருட்டலாமோ, அதாவது 1, 5, 6, 12, அதெல்லாம் முழு வெற்றி. 3, 4 விழுந்தா வேலை நடக்கும், ஆனா ஒரு வம்பும் கூட வரும். 2 விழுந்தா காரியம் கெட்டது. கணக்குப் பார்த்தா 16-க்கு 6 வெற்றி, 7 வம்போட வெற்றி, 3 தோல்வி. காரியம் ரொம்பக் கஷ்டம்னா மூணையும் தோல்வியில சேர்த்துடுவேன், தோல்வி 7 ஆயிடும்.

கீழடியில தந்தத்துல செஞ்ச பகடையும் சுடுமண் ஆட்டக்காயும் எடுத்திருக்காங்க. கூட வர்றவங்களுக்கு ஆர்வம் வரலன்னா முதல்ல அந்த அருங்காட்சியகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் அப்படித்தான் ரெண்டு பேரைப் பிடிச்சேன்.

விதிப் புத்தகத்துக்கும் செலவு வேண்டாம். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸோட அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துல விட்டாங்க, இலவசமா இறக்கிக்கலாம். ஆனா அதுல நூத்துக்கணக்குல பக்கம் இருக்கு. ஆரம்பத்துக்கு மேல சொன்ன கட்டையும் ஒரு வெள்ளைத் தாளும் தாராளம்.

அண்ணா நகர், பள்ளி ஆசிரியை: தமிழ்ல ஆடலாமா? நாங்க தமிழ்ல ஆரம்பிச்சா பத்து நிமிஷத்துல இங்கிலீஷுக்குப் போயிடுது.

டீச்சர், எனக்குப் பிடிச்ச கேள்வி இது. விதிச் சொல் அத்தனையும் இங்கிலீஷ், அதான் இழுக்குது. நாங்க எல்லாத்தையும் மொழிபெயர்க்கல, வாய்க்கு வந்ததை மட்டும் மாத்தினோம். ஹிட் பாயிண்டுக்கு 'உசுரு'. "உனக்கு எத்தனை உசுருடா மிச்சம்?" "மூணுக்கா." சண்டையில யார் முதல்லன்னு பாக்குற இனிஷியேட்டிவுக்கு 'முந்து'. மத்தது, கேரக்டர் ஷீட், லெவல் எல்லாம் அப்படியே கிடக்கு, யாருக்கும் வலிக்கல.

ஆனா தமிழ்ல ஆடினா மட்டும் கிடைக்கிற ஒண்ணு இருக்கு. இங்கிலீஷ்ல ராஜாவுக்கும் 'யூ'தான், வண்டிக்காரனுக்கும் 'யூ'தான். நமக்கு வாயைத் திறந்தாலே தெரிஞ்சுடும். ஒரு செஷன்ல மேலூர்ப் பக்கம் ஒரு பழைய சத்திரம், சாவி ஒரு பெரியவர் கையில. எங்க வீரன் நேராப் போய், "யோவ், சாவி எங்க?"ன்னான். பெரியவர் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டார். பின்னாடியே இன்னொரு பொண்ணு, "தாத்தா, நடந்தே வந்தோம், ஒரு வாய் தண்ணி கிடைக்குமா?" நான் பகடையே கேக்கல. தண்ணியும் வந்துச்சு, சாவியும் வந்துச்சு.

அதுல இருந்து நீ, நீங்க, நீர், தாங்கள் நாலையும் மேசையில கவனிக்கிறேன். மந்திரி மரியாதையாப் பேசிக்கிட்டே இருந்து, திடீர்னு ஒரு 'நீ' போட்டார்னா எல்லாருக்கும் முதுகு நிமிருது. வாளை உருவ வேண்டியதே இல்ல. பேய்க்கு மட்டும் நான் செந்தமிழ் குடுக்குறதில்ல. ரொம்பப் பேர் குடுக்குறாங்க, சிரிப்புத்தான் வருது. எங்க பேய் நம்ம பக்கத்து வீட்டு அத்தை மாதிரி, "வாத்தா, சாப்பிட்டியா?"ன்னு கேக்கும். பசங்க அதுக்குத்தான் பயப்படுறாங்க.

செல்லூர், ஒரு அம்மா: பகடைன்னாலே குடி கெட்டதுதான். இதுல காசு வைப்பாங்களா?

இல்லம்மா. எல்லாரும் ஒரே கட்சி, எதிராளியே கிடையாது. நாட்டை வச்சு ஆடுறதுக்கு இதுல வழியே இல்ல. எங்க மாடியில காசு புழங்குறது பஜ்ஜிக்கும் டீக்கும் மட்டும்தான். பையன் அதுக்கு மேல கேட்டா வேற எங்கிட்டோ செலவு பண்றான்.

மாட்டுத்தாவணி: கோயில் மணி திருட்டு போற கதை போட்டேன். துப்பு கண்டுபிடிக்க உருட்டுங்கன்னேன். அஞ்சு பேருக்கும் கம்மியா விழுந்துச்சு. கதை அங்கேயே படுத்துருச்சு.

துப்புக்கு உருட்ட விடாதீங்க. தேடினா கிடைக்கும்னு வச்சுடுங்க. அதை எடுக்கும்போது காவக்காரர் முழிக்கிறாரா, தடயத்துல நம்ம கைரேகை விழுதா, அதுக்கு உருட்டுங்க. ரெண்டு பக்கம் விழுந்தாலும் கதை நகரணும், நகராதுன்னா பகடையைத் தொடவே கூடாது. இன்னொண்ணு, முக்கியமான ஒரு உண்மைக்கு மூணு துப்பாவது வைங்க. ஒண்ணைப் பாக்க மாட்டாங்க, ஒண்ணைத் தப்பாப் புரிஞ்சுப்பாங்க, மூணாவதுலதான் மாட்டுவாங்க.

கே.கே. நகர்: மதுரையிலயே கதை நடக்கணும்னு ஆசை. எந்தக் காலம், எந்த இடம்?

இடத்துக்கா பஞ்சம்? கீழக்குயில்குடி சமணர் மலையில ஒரு சாயங்காலம் ஏறிப் பாருங்க. அடிவாரத்துல தாமரைக் குளம், ஐயனார் கோயில், பெரிய ஆலமரம், மேல செட்டிப்புடவு, பேச்சிப்பள்ளத்துச் சிற்பங்கள். நீங்க ஒரு வரியும் கற்பனை பண்ண வேண்டாம், பாத்ததைச் சொன்னாலே போதும்.

ஆனா நான் ரொம்ப நாள் ஓட்டினது 1840-கள். கலெக்டர் பிளாக்பர்ன் காலத்துல கோட்டைச் சுவரை இடிச்சு அகழியைத் தூத்தாங்க. இன்னைக்கு நாம டிராஃபிக்ல நிக்கிற வெளி வீதி, மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி எல்லாம் அந்த இடத்துல வந்ததுதான், ரெண்டு வீதிக்கு அந்த வேலையைப் பாத்தவங்க பேரு. விளக்குத்தூணே பிளாக்பர்ன் ஞாபகமா நட்டதுதான். இதுவரைக்கும் வரலாறு, இனி என் சரக்கு. சுவரை இடிக்கிற கூலியாட்கள் அஞ்சு பேர். அகழிச் சேத்துக்குள்ள ஒரு கல் பெட்டி. அதைத் திறக்காம மூடிட்டுப் போன மேஸ்திரி மறுநாள் வேலைக்கு வரல. எட்டு மாசம் ஓடுச்சு இந்தக் கதை. ஆட்டத்துக்கு வந்த பசங்க இப்ப பஸ்ல மேல வெளி வீதியைத் தாண்டுறப்ப ஜன்னல்ல எட்டிப் பாக்குறாங்களாம்.

ஒரு எச்சரிக்கை. இன்னைக்கும் படையல் போடுற சாமியை எதிரியாக்காதீங்க. உங்க மேசையில யாரோ ஒருத்தருக்கு அது குலசாமியா இருக்கும். பாத்திரத்துக்குச் சாதி வச்சு அதுல பலம் பலவீனம் எழுதறதையும் நான் அனுமதிக்கிறதில்ல. கேட்டா, என் மாடி, என் விதின்னு சொல்லிடுவேன்.

வாடிப்பட்டி: பேய்க் கதை ஓட்டுறப்ப யாராவது நிஜமாவே பயந்துட்டா?

மேசை நடுவுல ஒரு அட்டை, அதுல பெரிசா ஒரு பெருக்கல் குறி. யார் அதைத் தொட்டாலும் காரணம் கேக்காம அந்தக் காட்சியை விட்டுடணும். எக்ஸ் அட்டைன்னு உலகம் பூரா புழங்குது. ஆரம்பத்துல எனக்கு இது பம்மாத்தாத்தான் பட்டுச்சு. ஒரு நாள் இழவு வீட்டைச் சொல்லிக்கிட்டிருந்தேன், பன்னீர் வாடை, ஊதுவத்தி, ஐஸ் பெட்டி மோட்டார் சத்தம். எப்பவும் ஓயாமப் பேசுற பையன் சத்தமில்லாம அந்த அட்டை மேல ஒரு விரலை வச்சான். "சரி, விடிஞ்சிருச்சு, மாட்டுச் சந்தையில நிக்கிறீங்க"ன்னு தாண்டிட்டேன். அவன் தாத்தா தவறி அப்ப ஒரு மாசம்கூட ஆகல. எனக்கு அது தெரியவே தெரியாது.

சிம்மக்கல்: ஒருத்தன் எல்லாத்துக்கும் விதிப் புத்தகத்தைத் தூக்கிட்டு வாதாடுறான்.

"இப்ப நான் சொல்றபடி போவோம், டீ குடிக்கிறப்ப புத்தகத்தைப் பாப்போம்." இதை மட்டும் சொல்லுங்க. பாத்து நீங்க சொன்னது தப்புன்னா ஒத்துக்குங்க. நான் ஒரு தடவை ஒத்துக்காம, கடுப்புல அவனோட பாத்திரத்து மேல பாறையை உருட்டி விட்டுக் கொன்னேன். மூணு வாரம் அவன் மாடி ஏறல. வீட்டுக்கே போய்க் கூட்டிட்டு வந்தேன். பாறை ஒரு அடி தள்ளி விழுந்ததா முடிவு பண்ணிக்கிட்டோம்.

நாகமலை புதுக்கோட்டை: சித்திரைத் திருவிழா, கல்யாண சீசன் வந்தா ஆளே சேரமாட்டேங்குது.

ஆறு பேர் வேணும்னு காத்திருந்தா ஆறு மாசம் ஆகும். மூணு பேர் வந்தா ஆட்டம் உண்டுன்னு வச்சுக்குங்க. வராதவனோட பாத்திரத்துக்கு அன்னைக்கு வயித்துக் கடுப்பு. அழகர் ஆத்துல இறங்குற வாரம் மட்டும் லீவு, அதுல வாதமே இல்ல.

பெயர் வேண்டாம் என்றவர்: அக்கா, நான் யார்கிட்டயும் அதிகம் பேச மாட்டேன். உங்க மேசைக்கு வரலாமா? சும்மா பாத்துக்கிட்டு இருந்தாப் போதும்.

வா. பேசலன்னா ஒண்ணுமில்ல, மேப் வரையற வேலையை உனக்குத் தர்றேன், எல்லாரும் எங்கிட்டுப் போறதுன்னு உன்னைத்தான் கேப்பாங்க. ரெண்டாவது வாரம் ஒரு பாத்திரத்துக்குப் பேர் மட்டும் யோசிச்சுட்டு வா. பாண்டின்னு வேண்டாம். ஏற்கெனவே மூணு பாண்டி இருக்காங்க, நான் கூப்பிட்டா மூணு பேரும் வாளை உருவுறாங்க.