ஆறு கயிறு – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். 2025இல் மணப்பாறையில் நடந்த சாரணர் வைர விழா பெருந்திரளணிக்கு (ஜம்போரி) போய்வந்த பெரிய பையன்கள் சொன்னதைக் கேட்டு ஆசைப்பட்டு, பள்ளியில் சாரணர் (ஸ்கவுட்) படையில் சேர்ந்திருக்கிறான். எனக்குச் சந்தோஷம்தான். அவன் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ‘வெள்ளைக்கார ராணுவ அதிகாரி ஆரம்பித்தது, இன்னும் அந்த ஸ்கார்ஃபைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டுமா’ என்கிறார். சான்றிதழ் ரயில்வே வேலைக்கு உதவும் என்கிறார்களே, உண்மையா? அடுத்த மாதம் மூன்று நாள் முகாம். பிள்ளைகளே சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று சாரண ஆசிரியர் சொன்னார். நெருப்பு என்றால் பயமாக இருக்கிறது. பெற்றோர்கள் எல்லோரும் பேசி, கேட்டரிங் ஏற்பாடு செய்துவிட்டோம். அவன் பையையும் நானே அடுக்கி, எது எங்கே இருக்கிறது என்று சீட்டு எழுதி வைத்திருக்கிறேன். இதனால் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் வருமா? தொடர்ந்து அனுப்பலாமா?

எஸ்., தஞ்சாவூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் மொட்டைமாடியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தேன். மழைக்கு முன்னால் வருடாவருடம் செய்கிற வேலை. கயிற்றைக் கம்பத்தில் சுற்றியபோது விரல்கள் தாமாகவே குளோவ் ஹிட்ச் என்கிற சாரணர் முடிச்சைப் போட்டன. முதல் சுற்று, அதன் மேல் குறுக்கே இரண்டாம் சுற்று, நுனியை உள்ளே விட்டு ஓர் இழுப்பு. பள்ளியில் படித்த அல்ஜீப்ரா எல்லாம் போய்விட்டது, இது போகவில்லை. முடிச்சைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். கீழே இறங்கி வந்தால் உங்கள் கடிதம்.

ரயில்வே விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். சாரண, சாரணியருக்கு ரயில்வேயில் ஒதுக்கீடு உண்டு. ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை இப்போதே போடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் பாதி சரி. சாரணர் இயக்கத்தை ஆரம்பித்த பேடன் பவல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிதான். தென்னாப்பிரிக்காவில் மாஃபெகிங் முற்றுகை 217 நாள் நீடித்தபோது, ஊருக்குள் கடிதம் கொண்டுபோகிற வேலையைச் சிறுவர்கள் பொறுப்பாகச் செய்ததைப் பார்த்தவர். இந்தியாவில் 1909இல் பெங்களூரில் ஆரம்பித்த படை வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்தான். நம் பிள்ளைகளுக்கு இடமில்லை. மறுபாதியையும் அவரிடம் சொல்லுங்கள். கதவை மூடினார்கள் என்று நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. 1916இல் சென்னையில் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனிச் சங்கம் ஆரம்பித்தார்கள். வடக்கே மதன் மோகன் மாளவியாவும் குன்ஸ்ருவும் சேவா சமிதி சாரணர்களைக் கட்டினார்கள். பிரிந்து கிடந்தவை சேர்ந்து 1950 நவம்பர் 7 அன்று பாரத சாரணர் இயக்கம் ஆனது. மறு வருடம் சாரணியரும் வந்து சேர்ந்தார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த ரயிலில்தான் காந்தியும் போனார். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

நான் பேச வேண்டியது கேட்டரிங்கைப் பற்றி.

அம்மா, அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. முகாமுக்கு அனுப்பி, அங்கே கேட்டரிங்கா? மூன்று நாளும் வேனில் இட்லியும் சாம்பார் சாதமும் வந்து இறங்குமென்றால், பையன்கள் அங்கே என்ன செய்வார்கள்? வரிசையில் நிற்பார்கள், தட்டை நீட்டுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். அதைத்தான் பள்ளியில் தினமும் செய்கிறார்களே.

1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். இருபது சொச்சம் பையன்கள். பாதிப் பேர் பணக்காரப் பள்ளிகளிலிருந்து வந்தவர்கள், பாதிப் பேர் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள். நான்கு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக வைத்தார்கள். தினமும் இரவில் ஓர் அணி முறைபோட்டுத் தனியாகக் கிளம்ப வேண்டும். மாவு, உருளைக்கிழங்கு, இறைச்சி, தேயிலை எல்லாம் பச்சையாகத்தான் கொடுப்பார்கள். கூடவே ஒரு பாத்திரம், தீப்பெட்டி, போர்வை. சொன்ன இடத்துக்குப் போய்ப் பையன்களே நெருப்பு மூட்டி, சமைத்து, சாப்பிட்டு, முறைவைத்துக் காவல் காத்துத் தூங்க வேண்டும். முடிச்சும் விசிலும் அணிக் கோஷமும் கேம்ப் ஃபயரும் இதைச் சுற்றி வந்து ஒட்டிக்கொண்டவை. ஐந்தாறு பையன்களின் சாப்பாடு ஒரு பதின்மூன்று வயதுப் பையன் கையில் இருக்கிறது, அவன் சொதப்பினால் எல்லோரும் பட்டினி. நடுவில் இருப்பது இதுதான். இதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சீருடை மட்டும்தான்.

உங்கள் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. நானும் பிள்ளை வளர்த்தவன். நெருப்பைச் சுற்றிக் காய்ந்த சருகு இருக்கக் கூடாது, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் இருக்க வேண்டும், நைலான் சட்டையோடு அடுப்புப் பக்கம் யாரும் போகக் கூடாது. இதையெல்லாம் சாரண ஆசிரியரிடம் போய்க் கேளுங்கள், கண்டிப்பாகக் கேளுங்கள். பொறுப்பான ஆசிரியராக இருந்தால் கேட்டதற்குச் சந்தோஷப்படுவார். ஆனால் வேனை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒழுக்கம் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எதை ஒழுக்கம் என்கிறீர்கள் என்று தெரியவில்லை. பாரத சாரணர் விதிகள் ஒன்பது. அதில் ஒழுக்கம் வருவது ஆறாவதாக. முதலாவது, சாரணர் நம்பிக்கைக்கு உரியவர் என்பது. 1908இல் பேடன் பவல் எழுதியபோதும் முதல் விதி இதுதான். பெரியவர்களான நாம்தான் ஆறாவதை இழுத்து முதலில் வைத்துவிட்டோம். சின்ன வயதில் ஒருமுறை, யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று எங்களைச் சீருடையில் காலை ஒன்பது மணிக்கு ரோட்டோரம் நிறுத்தினார்கள். அவர் வந்தபோது மணி ஒன்றரை. என் பக்கத்தில் நின்ற பையன் மயங்கிச் சரிந்தான். எங்களை நிறுத்தியவர் அவனைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, விழுந்த இடைவெளியை மூடி நிற்கச் சொன்னார். அன்று மேடையில் எங்கள் ஒழுக்கத்தைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு இன்னும் காதில் கசக்கிறது. உங்கள் பிள்ளையை அப்படி எங்காவது நிறுத்தினால், போய்ச் சண்டை போடுங்கள். உங்கள் பயத்தையெல்லாம் அங்கே காட்டுங்கள்.

நம்பிக்கைக்கு உரியவன் ஆக வேண்டுமென்றால் முதலில் யாராவது அவனை நம்ப வேண்டுமே. எனக்கு அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

நானும் அப்போது ஏழாவதுதான். அரைப் பரீட்சை லீவில் தாமிரபரணிக் கரையில் ஒரு மாந்தோப்பில் முகாம். எங்களுடையது மயில் அணி, ஏழு பேர். அணித் தலைவன் ஒன்பதாவது படிக்கிற அண்ணன், ஒல்லி, அதிகம் பேச மாட்டான். கான்வாஸ் டென்ட், அதை இழுத்துப் பிடிக்க ஆறு சணல் கயிறு. இப்போது நைலான் வந்துவிட்டதால் பையன்களுக்கு இது தெரியாது. சணல் கயிறு நனைந்தால் சுருங்கும். சாயங்காலம் விறைப்பாகக் கட்டியதை அப்படியே விட்டால், ராத்திரி மழையில் கயிறு சுருங்கி, ஊறின மண்ணிலிருந்து முளையைப் பிடுங்கிவிடும். அதனால் படுக்கும் முன் தளர்த்திவிட வேண்டும். ஒவ்வொரு கயிற்றிலும் இரண்டு ஓட்டை போட்ட ஒரு மரத்துண்டு இருக்கும். அதை முளைப் பக்கம் இறக்கினால் கயிறு தளரும். ஆறு கயிற்றுக்கும் சேர்த்து ஐந்து நிமிட வேலை. அது என் வேலை.

முதல் நாள் ராத்திரி நான் தூங்கிப்போனேன்.

விடிவதற்கு ரொம்ப முன்னால் மழை பிடித்தது. முதலில் ஒரு முளை, அப்புறம் அடுத்தது. ஈரக் கான்வாஸ் அப்படியே எங்கள் முகத்தில் வந்து விழுந்தது. இருட்டில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வெளியே வந்தோம். டார்ச் அடித்துப் பார்த்தால், மூலையில் இருந்த அரிசி மூட்டை பாதிக்கு மேல் நனைந்திருந்தது. காலையில் சார் வந்தார். விழுந்து கிடந்த டென்டைப் பார்த்துவிட்டு, “யார் பொறுப்பு?” என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அண்ணன், “நான்தான் சார்” என்றான். அன்றைய பார்வையிடலில் எங்கள் அணிக்குப் பூஜ்யம். மற்ற அணிக்காரர்கள் சிரித்தார்கள். அவன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அரிசியைக் காயப்போட வெயில் இல்லை. இருந்த விறகும் நனைந்துவிட்டது. அவன் தோப்பில் கிடந்த தேங்காய் மட்டைகளைப் பொறுக்கிவந்து, ஈரமான வெளித்தோலைக் கிழித்தெறிந்து, உள்ளே காய்ந்திருந்த நாரை மட்டும் குருவிக் கூடு மாதிரி பந்தாகச் சுருட்டினான். விறகின் மேல்பட்டையைச் சீவி, உள்ளே காய்ந்த பகுதியை விரல் கனத்துக்குப் பிளந்தான். மூன்றாவது குச்சியில் பற்றிக்கொண்டது. நனைந்த அரிசி முழுவதையும் கஞ்சியாகக் காய்ச்சினோம். அன்று மூன்று வேளையும் கஞ்சிதான், தொட்டுக்கொள்ள ஊறுகாய். புகை அடித்த அந்தக் கஞ்சியை யாரும் குறை சொல்லவில்லை. நான் மட்டும் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த இடத்தில் உங்கள் வேன் வந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். ஏழு பேரும் வயிறாரச் சாப்பிட்டிருப்போம். நான் தூங்கிப்போனதும் ஒன்றுமில்லாமல் போயிருக்கும். என் தூக்கத்தின் விலை ஆறு பேருடைய கஞ்சி என்று எனக்குத் தெரிந்திருக்காது.

உங்கள் சீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்திருப்பதாகச் சொன்ன இடத்தில் என் அம்மா ஞாபகம் வந்தது. அந்த முகாமுக்கு அவள் துண்டின் ஓரத்தில் என் பெயரின் முதல் எழுத்தை நூலால் தைத்துக் கொடுத்தாள். சீட்டு இருக்கட்டும், உள்ளே எங்காவது வையுங்கள். பையை மட்டும் இன்றைக்கே கட்டிலில் கவிழ்த்துவிட்டு அவனையே அடுக்கச் சொல்லுங்கள். சோப்பை மறப்பான். மறக்கட்டும், அணியில் யாராவது கொடுப்பார்கள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் அண்ணன் வேலை பிரித்தான். தண்ணீர் இன்னார், விறகு இன்னார், பாத்திரம் இன்னார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கயிறு என்றதும் என் பெயரைச் சொன்னான். எட்டாவது படிக்கிற ஒருவன், “அவனா? மறுபடியுமா?” என்றான். அண்ணன், “அவன்தான். அவனுக்குத்தான் இப்போ நல்லாத் தெரியும்” என்றான்.

அன்றும் தூறிக்கொண்டிருந்தது. எல்லோரும் படுத்த பிறகு நான் வெளியே வந்தேன். ஈரத்தில் மரத்துண்டு கயிற்றோடு இறுகிப் போயிருந்தது, நகரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டை விரலால் தள்ளினேன். விரல் தோல் உரிந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே டென்டைச் சுற்றிவந்தேன். சந்தேகம் வந்து இன்னொரு சுற்றும் வந்தேன். உள்ளே நுழைந்து, யாரையும் மிதிக்காமல் என் இடத்தில் படுத்தேன்.

இருட்டில் அண்ணன் குரல் கேட்டது. “ஆறுமா?”

“ஆறும்” என்றேன்.

சரி என்று திரும்பிப் படுத்துக்கொண்டான். எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.